இளவெயில் மருந்தா, வழிபாடா? யானைமலை அடிவாரத்தில் தொடங்கிய விவாதம்

யானைமலை அடிவாரம் | சனி, காலை 8.10

எனக்கு 64 வயது. மதுரைக்கு அருகே ஒத்தக்கடையில் இருக்கிறேன். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. நள்ளிரவு தாண்டி விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பேன். பகலில் சன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியில் கிடப்பேன். ஒருநாள் வீட்டில் இருக்க முடியாமல் விடியுமுன் கிளம்பி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தேன். படுத்த யானை போன்ற அந்த மலையின் முதுகில் மட்டும் முதலில் வெளிச்சம் பட்டது. அது மெல்ல வயிற்றுக்கு இறங்கியது. மயில்கள் கூவின. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அன்று இரவு நான்கு மணி நேரம் தூங்கினேன்.

அதன்பின் ஒரு நாளும் விட்டதில்லை. சூரியன் எழுந்ததும் திறந்த வெளிக்கு வந்து பத்து நிமிடம் அதை நேராகப் பார்த்தபடி நிற்கிறேன். கண் தெளிகிறது. எலும்புக்கு வேண்டிய விட்டமின் டி இந்த இளவெயிலிலேயே கிடைத்துவிடுவதால் மகன் வாங்கித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். கட்டணம் இல்லாத இந்த மருத்துவரை விட்டுவிட்டு நாம் ஏன் மருந்துக்கடையில் வரிசையில் நிற்கிறோம்? கத்தரி வெயில் என்று அஞ்ச வேண்டாம், காலை வெயில் கடவுள் தந்த அமுதம். எல்லோரும் நாளையே தொடங்குங்கள்.

விழித்திரை | சனி, முற்பகல் 11.25

ஐயா, உங்கள் இழப்புக்கு என் வருத்தம். நடையை விடாதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லும் அறிவுரையில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பார்வையைப் பறிக்கக்கூடியது.

நான் பதினோரு ஆண்டுகளாகக் கண் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்துக்கு மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். எழுத்துப் பலகையில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறை தெரிகிறது என்றார். வலியே இல்லை என்றார். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை, ஆகவே அது கருகும்போது நமக்குத் தெரியாது. கூர்மையான பார்வைக்குரிய நடுப்புள்ளியில்தான் சூரியனின் பிம்பம் விழுகிறது. எழும் சூரியன் மங்கலாக இருப்பதால் ஆபத்து குறைவு என்பது சில நிமிடங்களுக்கே பொருந்தும். பத்து நிமிடத்துக்குள் அது மேலேறிப் பிரகாசமாகிவிடுகிறது, நீங்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறீர்கள்.

அடுத்தது விட்டமின் டி. அதைத் தோல் உண்டாக்குவதற்கு 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர் வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி சாய்வாக, நெடுந்தூரம் காற்று மண்டலத்தைக் கடந்து வருகிறது. வழியிலேயே ஓசோன் அந்தக் கதிரை உறிஞ்சிவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக விழும் நேரத்தில் விட்டமின் டி மிகச் சொற்பம். நம் ஊரில் அது நன்றாகக் கிடைப்பது முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. கறுத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது கிடைக்காது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரையை நிறுத்தியது சரியல்ல.

மல்லிகைக்காரி மகள் | சனி, இரவு 9.40

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். என் அம்மா அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கப் போகிறார். மொட்டு விரியுமுன் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். யானைமலை ஐயா சொல்லும் சூரிய உதயத்தை அவர் முப்பது ஆண்டுகளாக நாள் தவறாமல், குனிந்தபடியே பார்த்திருக்கிறார். பூ குறைந்த நாட்களில் பத்து மணியிலிருந்து கட்டட வேலையில் சிற்றாள். விழித்திரை அவர்கள் சொன்ன அந்த 11 மணி முதல் 2 மணி வரையிலும் அம்மா தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி சுமந்துகொண்டிருப்பார்.

வெயிலை அமுதம் என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். நீங்கள் நினைத்த நிமிடத்தில் நிழலுக்குப் போக முடிகிறது அல்லவா? தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரு மடங்கு என்று சொன்னது. அந்த ஆண்டுதான் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. சுமை தூக்கும் வேலைக்குப் போன என் அக்காவின் முதல் கரு ஒரு சித்திரை மாதத்தில், ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. 'கத்தரி வெயில் என்று அஞ்ச வேண்டாம்' என்ற உங்கள் வரியை என்னால் படிக்கவே முடியவில்லை. அவளுக்கு விட்டமின் டி நிறையக் கிடைத்திருக்கும் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

யானைமலை அடிவாரம் | ஞாயிறு, காலை 7.50

அம்மா, அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. திரும்பப் பெறுகிறேன். காலை வெயிலை மட்டும் மனத்தில் வைத்து எழுதினேன், உங்கள் அக்காவைப் போன்றவர்களை நினைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நண்பகலில் கர்ப்பிணியைச் சுமை தூக்க வைத்தது சூரியனா, அந்த வேலையைக் கொடுத்தவனா?

விழித்திரை அவர்களே, உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் என் தாத்தா நாள்தோறும் சூரியனைக் கும்பிட்டவர். 80 வயதிலும் கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படித்தார். ஒளியால் நோய் தீரும் என்பதை உங்கள் மருத்துவமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தோல் காசநோயைக் குவித்த ஒளியால் குணப்படுத்திய ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கொடுக்கவில்லையா? நம் சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித்தானே தொடங்குகிறது?

மல்லிகைக்காரி மகள் | ஞாயிறு, காலை 10.05

அதே காப்பியத்தில், மதுரைக்கு வரும் வழியில் கண்ணகி வெயில் தாங்க மாட்டாள் என்று பகலில் தங்கி, இரவில் நிலவொளியில் நடந்தார்கள் ஐயா. ஞாயிற்றைப் போற்றியவர்களுக்கு அதன் சூடும் தெரிந்திருந்தது.

வேலை கொடுத்தவன் குற்றம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வெயிலின் நன்மையைப் பேசும் ஒவ்வொரு இடத்திலும் வேலை நேரத்தையும் பேசுங்கள். அதைப் பேசாமல் அமுதம் என்று மட்டும் சொன்னால், அந்தச் சொல் அவனுக்குத்தான் உதவும்.

விழித்திரை | ஞாயிறு, பிற்பகல் 3.30

ஃபின்சன் ஒளியை அளந்து, குறிப்பிட்ட கதிர்களைப் பிரித்து, நோயுள்ள இடத்தில் மட்டும் பாய்ச்சினார். மருந்து என்றால் அளவு வேண்டும். நாம் அண்ணாந்து பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

தாத்தாவின் கண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன், அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் வேறு. வயதானவர் கண்ணாடி இல்லாமல் படிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு, ஆரம்பநிலைக் கண்புரைகூட அப்படிச் செய்யும். அதை விட்டுவிடுவோம். அவர் தலைமுறையில் கிட்டப்பார்வை குறைவாக இருந்ததற்கு, சிறு வயதில் பகல் முழுவதும் வெளியில் இருந்ததும் ஒரு காரணம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நம் வீட்டு அறையில் விளக்கு எரிந்தால் இருநூறு, முந்நூறு லக்ஸ் இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பத்தாயிரம் லக்ஸ் தாண்டும், மதுரை நண்பகலில் ஒரு லட்சத்தைத் தொடும். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து கண் பந்து நீளாமல் தடுக்கிறது என்று கருதப்படுகிறது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புக் குழந்தைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த குழந்தைகளில் அது 39.5 விழுக்காடு. 2015இல் வெளியான முடிவு இது. மரநிழலில் விளையாடினாலும் பலன் உண்டு, சூரியனைப் பார்க்க வேண்டியதே இல்லை. என்னிடம் கண்ணாடி போட வரும் ஏழு வயதுக் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் தூக்கத்துக்கும் இதே ஒளிதான் காரணம் ஐயா. விழித்திரையில் ஒரு வகைச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் முதன்மையான வேலை உருவத்தைக் காட்டுவது அல்ல, விடிந்துவிட்டது என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017இன் மருத்துவ நோபல். சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்த மாதங்களில் உங்கள் கடிகாரத்துக்குக் காலையும் தெரியவில்லை, இரவும் தெரியவில்லை. மலையின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருங்கள். அதுவே போதும்.

பேறுகாலத்துக்கு வந்தவள் | ஞாயிறு, மாலை 5.15

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். திருமங்கலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தை பிறந்து நான்கு நாள். கண் மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று பாட்டி சொல்கிறார்.

விழித்திரை | ஞாயிறு, மாலை 5.22

உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா, நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பாட்டி சொல்வதில் வேர் இருக்கிறது. 1950களில் இங்கிலாந்தில் ஒரு செவிலியர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைந்திருந்ததைக் கவனித்ததிலிருந்துதான் ஒளிச் சிகிச்சையே வந்தது. ஆனால் மருத்துவமனையில் உள்ள நீல விளக்கில் கதிரும் நேரமும் அளவோடு இருக்கின்றன. வெயிலில் அந்த அளவு கிடையாது. மஞ்சள் மிகுந்து மூளைக்கு ஏறினால் மீட்க முடியாது. பாலை அடிக்கடி கொடுங்கள். இன்றே போங்கள்.

கீழக்குயில்குடி | ஞாயிறு, இரவு 8.00

எல்லோரும் சூரியனைப் பற்றியே பேசுகிறீர்கள். யானைமலை ஐயாவுக்குக் கிடைத்த ஆறுதலில் பாதி மரத்துக்கும் மலைக்கும் மயிலுக்கும் உரியது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை உல்ரிச் என்பவர் ஒப்பிட்டார். சன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிட ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வலிமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 1984இல் வெளிவந்தது. அங்கே வெயில் மருந்தாகவில்லை, பச்சை மருந்தானது.

எங்கள் சமணர் மலைக்கு வந்து பாருங்கள். தாமரைக் குளம், ஐயனார் கோவில், விழுது இறங்கிய ஆலமரம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தவம் செய்த துறவிகள் வெட்டவெளியை விட்டுக் குகைக்குள்தான் கற்படுக்கை வெட்டிக்கொண்டார்கள், மழைநீர் உள்ளே வழியாமல் மேலே காடியும் வெட்டினார்கள். இயற்கையோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள் முதலில் தேடியது நிழலை. ஆகவே வெயிலில் நில்லுங்கள் என்பதைவிட மரத்தை வெட்டாதீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வேண்டுகோள். நான்குவழிச் சாலைக்காக வெட்டிய புளியமரங்களுக்குப் பதிலாக அரளிச் செடி வைத்திருக்கிறார்கள். அரளியின் நிழலில் யார் உட்கார முடியும்?

தெற்கு மாசி வீதி | ஞாயிறு, இரவு 10.30

நான் இறை நம்பிக்கை உள்ளவள். யானைமலை ஐயாவோடு எனக்கு வேறு விதமான சண்டை. பொங்கலன்று பானை பொங்கும்போது கிழக்கே பார்த்துக் கை கூப்புகிறோம். இரத சப்தமியன்று எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுகிறோம். அதெல்லாம் எலும்பு வலுவாக வேண்டும் என்பதற்காகவா? கும்பிடுவதற்கு நானோமீட்டரை ஏன் துணைக்கு அழைக்கிறீர்கள்? நாளை ஓர் ஆய்வு வந்து இளவெயிலால் ஒரு பலனும் இல்லை என்று சொன்னால் கும்பிடுவதை நிறுத்திவிடுவீர்களா? நான் நிறுத்த மாட்டேன். எனக்குக் கிடைத்த வாழ்வுக்கு நன்றி சொல்லப் போகிறேன், கூலி வாங்கப் போகவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் சூரியனை உற்றுப் பார்த்ததில்லை. தலை குனிந்து, கண்ணை மூடித்தான் வணங்குவோம்.

மல்லிகைக்காரி மகள் | திங்கள், அதிகாலை 4.50

அம்மாவோடு தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். இங்கிருந்தே எழுதுகிறேன்.

நேற்று அம்மாவிடம் இந்த விவாதத்தைப் படித்துக் காட்டினேன். யானைமலை ஐயா மனைவியை இழந்த பகுதியில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை கேட்டார். பிறகு சொன்னார், அவரும் வெளுத்ததும் ஒரு நிமிடம் நிமிர்ந்து, மடியில் பூவோடு ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோவாராம். இத்தனை ஆண்டுகளில் நான் அதைக் கவனித்ததே இல்லை. என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். 'இன்றைக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டு என்பேன்' என்றார்.

யானைமலை அடிவாரம் | வியாழன், மாலை 6.20

மூன்று நாட்களாக எழுதவில்லை. மகன் வற்புறுத்தி இரத்தம் கொடுக்க வைத்தான். முடிவு வந்துவிட்டது. விட்டமின் டி 14. குறைந்தது 20 இருக்க வேண்டுமாம். ஒன்றரை ஆண்டாக ஒரு நாள் விடாமல் இளவெயிலில் நின்றவனுக்கு 14. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டேன். என் பேச்சைக் கேட்டு யாராவது நிறுத்தியிருந்தால் தயவுசெய்து நீங்களும் தொடங்குங்கள்.

ஆனால் நடை நிற்காது. தெற்கு மாசி வீதி அம்மா கேட்ட கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உண்மையில் எனக்கு எலும்பைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. அவள் இல்லாத வீட்டை விட்டுத் தினமும் போவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அதற்கு மருந்து என்று பெயர் வைத்துக்கொண்டேன். இப்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாறையைப் பார்க்கிறேன். மல்லிகைக்காரி அம்மாவை நினைத்து நானும் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

விழித்திரை அவர்களே, செவ்வாய்க்கிழமை முதல் வலக்கண்ணில் படிக்கும்போது நடுவில் எழுத்து லேசாக வளைகிறது. முன்பும் இருந்ததா, இப்போதுதான் கவனிக்கிறேனா என்று தெரியவில்லை.

விழித்திரை | வியாழன், மாலை 6.31

நாளை காலையே உங்களுக்கு அருகிலுள்ள கண் மருத்துவமனைக்குப் போங்கள் ஐயா, விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சூரியனாலும் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம், சர்க்கரையாலும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். கண்ணின் பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. வண்டி ஓட்டாதீர்கள், மகனை உடன் அழைத்துப் போங்கள். தொப்பி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.