55,000 ரூபாய்க்குள் மேலாளருக்கு மடிக்கணினி: புதியதா, பயன்படுத்திய வணிக ரகமா?

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கொள்முதல் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் மெர்ச்சண்டைசிங் மேலாளரின் பழைய மடிக்கணினி கீல் உடைந்து, திரையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே வேலை பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. புதியது வாங்க முதலாளி ஒதுக்கியிருப்பது வரி உட்பட 55,000 ரூபாய். அடக்க விலை போடும் காஸ்டிங் தாள்களை எக்செலில் திறந்து வைத்துக்கொண்டே பையர்களுடன் டீம்ஸில் பேசுவதும், ஆடையின் அளவு, துணி விவரங்கள் அடங்கிய டெக் பேக் கோப்புகளைப் பார்ப்பதும், அலுவலகக் கணினியில் உள்ள டாலி கணக்கு மென்பொருளைத் தொலைவிலிருந்து இயக்குவதும் அவருடைய அன்றாட வேலை. வாரத்தில் பாதி நாட்கள் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் கணினியைத் தூக்கிச் செல்வார். உள்ளூர்க் கடைக்காரர் ரைசன் 5 7520யூ சிப், 8 ஜிபி நினைவகம் கொண்ட புதிய கணினியைக் காட்டினார். கோவையில் ஒருவர், பெரிய நிறுவனம் ஒன்று கழித்துக்கட்டிய திங்க்பேட் டி14 முதல் தலைமுறைக் கணினியை அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குத் தருகிறார். இரண்டில் எதை எடுக்கலாம்?

பழைய_திருப்புளி:
கடைக்காரர் காட்டியதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 7520யூ என்ற எண்ணில் முதலில் நிற்கும் 7 அது எந்த ஆண்டு வரிசை என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளிருக்கும் கட்டமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். அங்கே 2 என்றிருந்தால் அது 2019இல் வந்த ஜென் 2, நான்கே கோர்கள். அதைவிட முக்கியமாக, அந்தச் சிப்புடன் வரும் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதால், 8 ஜிபியுடன் வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்; டீம்ஸும் பத்துப் பதினைந்து உலாவித் தாவல்களும் ஒரு பெரிய எக்செல் கோப்பும் சேர்ந்தால் அது இரண்டாம் நாளே மூச்சு வாங்கும்.

டி14 வேறு ரகம். 2020ஆம் ஆண்டு இயந்திரமானாலும் நினைவகம் கூட்ட ஒரு துளை (ஸ்லாட்) உண்டு. விசைப்பலகை சிறிது தேநீர் சிந்தினாலும் தாங்கும். மின்கலத்தைச் சில திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். விண்டோஸ் ப்ரோ உரிமமும் பெரும்பாலும் உடன் வரும். பட்டறைக்குத் தூக்கிச் செல்பவருக்கு இதுவே பொருத்தம்.

பேரேடு:
சிப்பின் எண்ணைப் பற்றி நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மோசமான புதிய கணினியைக் காட்டிவிட்டு, ஆகவே பழையதை வாங்குங்கள் என்பது என்ன நியாயம்? அதே கடையில் 7530யூ கேட்கலாமே. அது ஜென் 3, ஆறு கோர்கள். நினைவகத் துளை உள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் பிற்பாடு 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம்.

ப்ரோ உரிமத்தை ஒரு சிறப்பாகச் சொன்னதும் இங்கே பொருந்தாது. பிறர் நம் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைவதற்குத்தான் ப்ரோ தேவை. மேலாளர் இங்கிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைவதற்கு ஹோம் பதிப்பே போதும்.

இனி வரிக்கு வருகிறேன். புதிய கணினிக்கு நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வாங்கினால், 55,000 ரூபாய்க்குள் அடங்கிய 18 சதவீத வரியான ஏறத்தாழ 8,390 ரூபாய் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் திரும்பும். உண்மையான அடக்கம் 46,610 ரூபாய்தான். பயன்படுத்திய பொருளை மார்ஜின் முறையில் (வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டி) விற்பவர்கள் பில்லில் வரியைப் பெரும்பாலும் தனியாகக் காட்டுவதில்லை, எனவே அங்கே வரவு எடுக்க வழியில்லை. விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி இதிலேயே கரைந்துவிடுகிறது.

நூல்கண்டு:
வரிக் கணக்கை முதலாளியிடம் காட்டினேன், மகிழ்ந்தார். வேறொரு ஐயமும் உண்டு. நிறம் பார்க்கும் தொழில் என்பதால் நல்ல திரைக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டுமா?

சாயக்காரன்:
வேண்டாம் ஐயா. நிறத்துக்கு ஒப்புதல் தருவது லேப் டிப் எனும் சாயமேற்றிய மாதிரித் துணியைப் பார்த்து. அதையும் டி65, டிஎல்84 எனும் தரப்படுத்திய விளக்குகள் உள்ள லைட் பாக்ஸில் வைத்துத்தான் பார்க்கிறோம். திரையில் பார்த்து எவரும் ஓகே சொல்வதில்லை. சொன்னவர்களின் சரக்கு திரும்பி வந்த கதைகள் ஊரில் ஏராளம். கண் வலிக்காத ஐபிஎஸ் திரை இருந்தால் போதும்.

பழைய_திருப்புளி:
பேரேடு அவர்கள் மகிழ்ச்சியைச் சற்று அவசரமாகப் பரிமாறிவிட்டார். நிறுவனம் எல்யுடி எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, வரி செலுத்தாமல் ஏற்றுமதி செய்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அப்படியானால், தேங்கும் வரி வரவைத் திருப்பிக் கேட்கும் சூத்திரத்தில் உள்ளீட்டுப் பொருட்களும் சேவைகளும் மட்டுமே சேரும். மூலதனப் பொருட்கள் சேராது. மடிக்கணினி மூலதனப் பொருள். உள்நாட்டு விற்பனைக்கான வரியில் கழித்துக்கொள்ள வாய்ப்பில்லையென்றால், அந்த 8,390 ரூபாய் லெட்ஜரில் படுத்துக் கிடக்கும்.

பேரேடு:
ஏற்கிறேன், அதைக் கேட்காமல் எழுதியது என் பிழைதான். எனினும் நூல் வேஸ்ட், செகண்ட்ஸ் எனும் குறையுள்ள துணி முதலியவற்றை உள்நாட்டில் விற்காத ஏற்றுமதி நிறுவனத்தை நான் திருப்பூரில் பார்த்ததில்லை. அந்த விற்பனைக்குரிய வரியில் இது மெல்ல மெல்லக் கழியும். வரியை முற்றாக மறந்துவிட்டாலும் என் முதன்மையான காரணம் அப்படியே நிற்கிறது. ஷிப்மென்ட் வாரத்தில் கணினி நின்றுவிட்டால் யாரை அழைப்பது? புதியதற்கு ஓராண்டு உத்தரவாதம் உண்டு, கூடுதல் தொகை கட்டினால் அலுவலகத்துக்கே வந்து பழுது நீக்கும் சேவையையும் பெரும்பாலான மாடல்களுக்கு வாங்கலாம். பழையதை விற்றவர் மூன்று மாதம் என்று வாயால் சொல்வார்.

பழைய_திருப்புளி:
உத்தரவாதம் என்பது உதிரி பாகம் வரும் வரை காத்திருக்கும் உரிமை. மிச்சப்படும் பணத்தில் இன்னொரு பழைய கணினியை வாங்கி அலமாரியில் வைத்தால், கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியை மாற்றிப் பொருத்திப் பத்து நிமிடத்தில் வேலையைத் தொடரலாம். எந்தச் சேவை மையம் பத்து நிமிடத்தில் வரும்?

பேரேடு:
அந்த மாற்றும் வேலையைச் செய்யத் தங்களைப் போன்ற ஒருவர் அந்த அலுவலகத்தில் இருக்க வேண்டுமே. கணினிப் பிரிவு இல்லாத இடத்துக்கு அந்த யோசனை ஒத்துவராது. மேலும், எஸ்எஸ்டி, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் வேறு இயந்திரத்தில் பொருத்தியதும் மீட்புச் சாவி கேட்கும்.

ரிச்சித்தெரு:
பதினைந்து ஆண்டுகளாகப் பயன்படுத்திய கணினிகளை விற்பவன் நான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த பிறகு, விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் தகுதி பெறாத இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைத் தள்ளிவிட அவசரப்படுவோர் எங்கள் தொழிலில் உண்டு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே மலிவாகக் கிடைக்கிறதென்று தொடாதீர்கள். டி14 மாடல் வரிசையில் முதல் தலைமுறையானாலும் அதன் சிப் அந்தக் கோட்டைத் தாண்டியதுதான். ஆனால் நிறுவனங்களிலிருந்து வரும் கணினியில் மூன்றைக் கடையிலேயே பார்த்தாக வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸில் சூப்பர்வைசர் கடவுச்சொல் இருக்கிறதா, மின்கலத்தின் முழுக் கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கிறது, விண்டோஸை அழித்து நிறுவி இணையத்தில் இணைத்தால் பழைய நிறுவனத்தின் பெயர் வருகிறதா (வந்தால் கணினியை அவர்கள் தங்கள் பதிவிலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை என்று பொருள்) என்பவை அவை. மூன்றாவது சோதனையைச் செய்யாமல் பணம் கொடுத்தவர்கள் என்னிடமே அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள்.

நூல்கண்டு:
இன்று காலை மேலாளருடன் கோவைக்குச் சென்றோம். டி14இன் விசைப்பலகையைத் தட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை மறைக்க மாட்டேன். மின்கலமும் நன்றாகவே இருந்தது. ரிச்சித்தெரு சொன்னபடி விண்டோஸை அழித்து நிறுவி, என் கைப்பேசி இணையத்துடன் இணைத்தோம். முன்பு வைத்திருந்த நிறுவனத்தின் பெயருடன் ஊழியர் கணக்கைக் கேட்கும் திரை வந்து நின்றது. இணையமில்லாமல் நிறுவித் தருகிறேன், பிறகு கேட்காது என்றார் விற்பவர். நாங்கள் வணக்கம் சொல்லிப் புறப்பட்டுவிட்டோம்.

பழைய_திருப்புளி:
அது விற்பவரின் குறையே தவிர இயந்திரத்தின் குறையன்று. விடுவிக்கப்பட்ட வேறொரு டி14 கேளுங்கள், கிடைக்கும்.

நூல்கண்டு:
கிடைக்கும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் 20ஆம் தேதி சரக்கு ஏற வேண்டும். இன்னொரு முறை கோவைக்குப் போய் வர எங்களிடம் நாள் இல்லை. 7530யூ, ஒரு நினைவகத் துளை காலி, 8 ஜிபி கூடுதலாகப் பொருத்தி, வரி உட்பட 53,000 ரூபாய்க்கு உள்ளூரிலேயே தரச் சம்மதித்திருக்கிறார்கள். கூடவே தருவதாகச் சொன்ன பைக்குப் பதிலாக ஒரு மவுஸ் கேட்டிருக்கிறேன்.