மழைக்கு முன், பண்டிகைக்கு முன்: காரைக்குடிப் பக்கத்து அறிவிப்புகளும் நமக்கு நேர்ந்தவையும்

செக்காலைக்காரி:

கொசுப்புழு பார்க்கும் பெண்கள் மறுபடி தெருவுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் போன அடைமழையில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. அன்று வந்தவர் எங்கள் வீட்டுத் தொட்டி, பூந்தொட்டி வைத்த தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் நீர் வடியும் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். கதவில் ஒட்டியிருந்த அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு பக்கத்து வீட்டைக் காட்டி, "சாவி யாரிடம் இருக்கிறது, அக்கா?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்த வீடு எங்கள் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது விழா) என்று ஏதாவது வந்தால்தான் முகப்புக் கதவு திறக்கும்.

மொட்டைமாடிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், இரண்டாம் கட்டு முற்றத்தில் பழைய கிடாரம், பெரிய சமையல் பாத்திரம், ஒன்று விளிம்பு வரை மழைத்தண்ணீரோடு நின்றது. அந்தப் பெண் பையிலிருந்து மருந்துக் குருணையை எடுத்துத் துணியில் முடிந்தார். கனத்துக்கு ஒரு கூழாங்கல்லும் வைத்துக் கட்டி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எறிந்தார். முதல் முடிச்சு ஓட்டில் பட்டு உருண்டு எங்கோ போய்விட்டது. அடுத்தது கிடாரத்தின் நடுவில் போய் விழுந்தது. இருவரும் கைதட்டாத குறை.

பிறகு நோட்டைத் திறந்தார். எங்கள் தெருவுக்கான பக்கத்தில் கதவு எண்களுக்கு நேராக மேலிருந்து கீழ்வரை பூட்டு, பூட்டு, பூட்டு என்றே இருந்தது. நடுநடுவேதான் ஒரு 'சரி'. மருந்து போய் விழுந்த அந்த வீட்டுக்கும் 'பூட்டு' என்றே எழுதினார். "உள்ளே போகவில்லையே, அக்கா. வேறென்ன எழுதுவது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்த நோட்டுப் பக்கம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். வீடு திறப்பதோ வருடத்துக்கு ஒரு முறை.

வெளியூர்ப் புள்ளி:

பூட்டிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஊரை மறந்து போனவர்கள் என்ற தொனி மேலே தெரிகிறது. கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள், அம்மா. எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம். பாட்டையா காலத்தில் கட்டியது, இன்று எத்தனை புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம், என்று எண்ணினால் கை விரல்கள் போதாது. முகப்புச் சாவி ஒரு பங்காளியிடம், பின்கட்டுச் சாவி இன்னொருவரிடம். அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஒருவர் கோயம்புத்தூரில். நான் சென்னையில். மருந்து ஊற்ற யாரைக் கேட்டுத் திறப்பது?

என் கதையையும் கேளுங்கள். ஒரு கார்த்திகையில், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் போன் செய்தார். "அண்ணே, முற்றம் தண்ணீர் வாங்கவில்லை. பட்டாசாலைக் கூடத்துக்கு ஏறிவிடும் போலிருக்கிறது" என்றார். இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர், அதில் ஒரு மரப்பாச்சியும் எலிப்பொறியும் மிதந்தன. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் வடிகிற தண்ணீர் முற்றத்துக்கு வந்து, மூலையில் இருக்கும் கல்துளை வழியாகத் தரைக்கு அடியிலேயே ஓடித் தெருவுக்குப் போய் ஊரணியில் சேர வேண்டும். அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். துளைக்குள் தோள்பட்டை வரை கையை விட்டேன். கோடையில் எலிக்குப் பயந்து யாரோ திணித்த தேங்காய் மட்டை கையில் சிக்கியது. பிடுங்கியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கிய வேகத்தில் என் கடிகாரமும் உள்ளே போய்விட்டது.

அந்தக் கார்த்திகையிலேயே ஓடு மாற்றும் செலவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரு பங்காளியிடமிருந்து பதில் வந்தது: "என் அறைக்கு மேல் ஒழுகவில்லையே, நான் எதற்குத் தர வேண்டும்?" இதற்கு எந்த அறிவிப்பு உதவும் என்று செக்காலைக்காரி சொல்லட்டும்.

செக்காலைக்காரி:

உங்கள் பங்காளிச் சண்டைக்கு நான் என்ன செய்ய முடியும்? காய்ச்சல் வந்து படுத்தது என் மகள். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குப் போனில் சொல்லிக் கிடாரத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்லலாம். அதற்கு எல்லாப் புள்ளியும் கையெழுத்திட வேண்டுமா?

ஓட்டுக்காரர் மகன்:

இருவரும் சண்டையை விடுங்கள். என் அப்பா இந்த வட்டாரத்தில் ஓடு மாற்றியவர். ஐப்பசியில் இடி இடித்த பிறகுதான் போன் வரும். ஒரு முறை தூறலிலேயே கூரையேறச் சொல்லி ஒரு வீட்டார் பிடிவாதம் பிடித்தார்கள். பாசி பிடித்த ஓட்டில் கால் வழுக்கி, அப்பா முற்றத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். கீழே இருந்த ஆச்சி, "ஓடு உடைந்துவிட்டதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என் கதை.

இனி, வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க. ஓடு பிரித்து அடுக்குவதைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் நகர்ந்த ஓடுகளை ஆவணியில் ஒரு முறை ஏறிச் சரிபார்த்தால் போதும். நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருப்பதால், மேல் ஓடு முழுசாகத் தெரிந்தாலும் அடியில் உடைந்திருக்கும். பகலில் அறையை இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள், வெளிச்சப் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒழுகும். இரண்டு சரிவு கூடும் இடத்துத் தகரத்தில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்வாங்கிச் சுவரில் இறங்கும். தேக்கு உத்தரம் உளுப்பது பெரும்பாலும் அதனால்தான். அரசு, ஆல் கன்று முளைத்திருந்தால் வெட்டிவிட்டுப் போகாதீர்கள், வேரோடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுமழைக்கு இரண்டு மடங்காக நிற்கும். கழற்றிய நல்ல ஓட்டைப் பழைய ஓடு வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டுப் புதியது தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஓட்டின் கனமும் வளைவும் இப்போது வருவதில் பொருந்தாது. பின்கட்டில் ஒரு மூலையில் நூறு ஓடு எப்போதும் இருக்கட்டும். முற்றத்துத் துளைக்கு மட்டை திணிக்காதீர்கள், கம்பி வலை போடுங்கள், அதையும் மழைக்கு முன் கழற்றிக் கழுவுங்கள். கிடாரம், அண்டா, குத்துப்போணி எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பது பாட்டி காலத்துப் பழக்கம். இதற்கும் ஆள் வந்து சொல்ல வேண்டுமா?

கோட்டையூரான்:

சுருக்கமாக ஒன்று. அக்டோபர் 31க்குள் இரண்டாம் அரையாண்டுச் சொத்துவரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூரும் கண்டனூரும் அதோடு சேர்ந்துவிட்டன. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. போன முறை பழைய ரசீதை எடுத்துக்கொண்டு போய், "நான் கோட்டையூருக்குத்தான் கட்டுவேன், காரைக்குடிக்குக் கட்ட மாட்டேன்" என்று வரிசையில் நின்று வாதாடினார். பின்னால் நின்ற எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பணம் கட்டிவிட்டு ரசீதைப் படித்தவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

தேவகோட்டை அத்தை:

மின்தடை அறிவிப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை என்று முதல் நாள் பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு வரும். எங்கள் அண்ணன் சாந்திக்கு மண்டபம் பிடித்திருந்தோம். மண்டபக்காரருக்கு அன்று மின்தடை என்று தெரியும், ஜெனரேட்டர் பழுது என்றும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆடிக்கொண்டிருந்தது. உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுப்பார்களே, அந்தக் கணக்கு. முக்கால்வாசி அரைந்தபோது கிரைண்டர் நின்றது. சமையல்காரரான தவசிப்பிள்ளை மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று இருந்தது. "இதைச் சுட்டால் பணியாரம் வராது, ஆச்சி. அடைதான் வரும்" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு ஆட்டுக்கல் வாசலில் துளசிக்கு அடியில் கிடந்தது. அதைக் கழுவி, அண்ணன் மருமகள்கள் மூவரும் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டினார்கள். விருந்தாளிகள் சாப்பிடுவதை விட்டுவிட்டு இதைப் போட்டோ எடுத்தார்கள். பணியாரம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் மண்டபக்காரர் வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

முன்பெல்லாம் தண்டோரா போட்டாவது சொல்வார்கள். 2022இல் அதற்குத் தடை வந்தது, வர வேண்டியதுதான். ஒரு மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடிக்க வைத்துத்தான் நமக்குச் சேதி தெரிய வேண்டுமா? ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வருகிறது இப்போது. அது ஓடுகிற வேகத்தில் "பொதுமக்கள் அனைவரும்" என்பது மட்டும்தான் காதில் விழுகிறது.

ஓட்டுக்காரர் மகன்:

அத்தை, 94987 94987 என்பது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண். எந்த நேரமும் கேட்கலாம். விசேஷத்துக்கு முன் அதில் விசாரித்துவிட்டு மண்டபம் பிடியுங்கள். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டீசல் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். மாவை முதல் நாள் இரவே...

தேவகோட்டை அத்தை:

வெள்ளைப் பணியார மாவை முதல் நாள் இரவே ஆட்டுவதா? தம்பி, உங்களுக்கு ஓடு தெரியும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருப்பத்தூர் ரோடு:

தீபாவளிச் சேதி. என் அக்காவைக் கொள்ளுகுடிப்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான், 1977 முதல். மரம் முழுக்க நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் கூடு கட்டியிருக்கும். குஞ்சுகள் பயந்து விழுந்துவிடும் என்று ஊரில் யாரும் வெடி போடுவதில்லை. வனத்துறையினர் ஆண்டுதோறும் இனிப்பு கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

இது தெரியாமல் என் மாமனார், தலைதீபாவளிக்கு வந்த சின்ன மருமகனுக்காக ஒரு பை நிறைய வெடி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டார். பையைத் திறந்ததும் அக்காவின் மகன், ஏழு வயது இருக்கும், வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். கம்பி மத்தாப்பை ஒரு பக்கம் வைத்தான், லட்சுமி வெடி, சரவெடியை மறுபக்கம் வைத்தான். "தாத்தா, இது எங்கள் ஊருக்கு. இது உங்கள் ஊருக்கு" என்று சொல்லிச் சரவெடிப் பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். மாமனார் கோபக்காரர். அன்று ஒன்றும் பேசவில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு வழக்கம்போல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. 2018 முதல் அதுதான் நேரம்.

வெளியூர்ப் புள்ளி:

அந்த நேரத்தை யார் கடைப்பிடிக்கிறார்கள்? எங்கள் தெருவில் விடிய விடிய வெடிக்கிறார்கள்.

திருப்பத்தூர் ரோடு:

அண்ணே, நீங்கள் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறீர்களா?

இரவு லோடு வண்டி:

தை பிறந்தால் எனக்குக் குன்றக்குடி ரோடு என்றாலே வயிறு கலங்கும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவில்தான் நடக்கிறார்கள். வெயில் இல்லை, நியாயம்தான். நகரத்தார் காவடியோடு போகிறவர்கள் ஒழுங்காகக் கூட்டமாக, பாட்டோடு, விளக்கோடு போவார்கள். தனித்தனியாக நாலைந்து பேராக நடக்கிறவர்கள்தான் ஆபத்து. ஒரு வளைவில், எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசி விலகியதும், என் முன்னால் சாலையில் ஒரு அம்மா. இடுப்பில் குழந்தை, உடம்பெல்லாம் கருநீலப் புடவை. பிரேக்கை மிதித்ததில் பின்னால் அரிசி மூட்டை சரிந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "பார்த்துப் போங்கள், தம்பி" என்றார். கோபமே இல்லை. குழந்தை விழித்துக்கொண்டு என் ஹெட்லைட்டைப் பார்த்துச் சிரித்தது. நான் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன்.

நடக்கிறவர்கள் பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வருகிற வண்டிகளும் இதே பக்கம்தான் திரும்புகின்றன. அன்று பகலில் இந்த வழியைத் தவிர்ப்பது நல்லது.

ஓட்டுக்காரர் மகன்:

வலப்பக்கமாக நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரவு லோடு வண்டி:

எழுதலாம். ஆனால் அந்த வளைவில் வலப்பக்கம் முழுக்கக் கருவேலம் சாய்ந்து கிடக்கிறது. முதலில் அதை வெட்டட்டும். பொங்கலுக்குள் வெட்டினால் இங்கேயே சொல்கிறேன்.