தெரிந்த காட்சிக்குச் சிரிப்பு வருகிறது, புதிய காட்சிக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி:
சென்ற வாரம் குடும்பத்துடன் ஒரு புதிய நகைச்சுவைப் படத்துக்குப் போயிருந்தோம். அரங்கு நிறைந்திருந்தது; நடிகர்களும் தேர்ந்தவர்கள்தாம். ஆனால் ஒவ்வொரு வசனம் முடிந்ததும் பின்னணியில் ஒரு வினோத ஒலி எழுந்து, 'இப்போது சிரியுங்கள்' என்று கட்டளையிட்டதே தவிர, இடைவேளை வரை ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. வீடு திரும்பியதும் அப்பா 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தைப் போட்டார். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியில், பலமுறை பார்த்திருந்தும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்தே சிரிக்கிறோம் என்றால், சிரிப்பு எங்கிருந்துதான் பிறக்கிறது?

பதில் 1:
அந்தக் காட்சியை ஒருமுறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் கவனித்துப் பாருங்கள். மகனாக வரும் நாகேஷ் ஒலிகளாலும் கைகளாலும் திகிலை வளர்க்க வளர்க்க, அந்தப் பணக்காரத் தந்தையின் கண்கள் விரிகின்றன, உடல் ஒடுங்குகிறது. வேடிக்கை காட்டுகிறோம் என்ற நினைப்பு அந்த முகத்தில் துளியும் இல்லை. அவர் மெய்யாகவே அஞ்சுகிறார். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணியும் அப்படித்தான். தன் வேலையையும் அதிகாரத்தையும் அவர் அவ்வளவு பெரிதாக மதிப்பதால்தான், தலையில் சுத்தியல் விழும்போது நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தான் பேசுவது நகைச்சுவை என்று பாத்திரத்துக்கே தெரிந்துவிட்டால், காட்சி அங்கேயே படுத்துவிடும்.

பதில் 2:
நடிப்பை மட்டும் சொன்னால் எழுத்துக்கு நியாயம் செய்ததாகாது. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம். ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவருகிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி எத்தனை விதமாகக் கேட்டாலும், கையில் இருக்கும் ஒரே பழத்தையே காட்டி, அதுதான் இது என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கணக்கில் அது சரியான பதில். அதனால்தான் கேட்பவருக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அந்தக் காலப் படங்களில் நிறத்தையும் உருவத்தையும் பழித்து எழுதிய பல வசனங்களை இன்று குழந்தைகளுடன் உட்கார்ந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பழக்கணக்கு மட்டும் கொஞ்சமும் பழசாகவில்லை.

பதில் 3:
நேரக்கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாடக மேடையில் நடிப்பவருக்குச் சிரிப்பொலி காதில் விழும். அது அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்துவைத்துக்கொள்வார். திரைப்படத்தில் அந்த வசதி இல்லை, படத்தொகுப்பாளர்தான் முன்கூட்டியே ஊகித்து இடம்விட வேண்டும். மேடையிலிருந்து வந்த கிரேசி மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் ஒரு சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தவறவிட்டதைப் பிடிக்கவே மறுமுறை பார்க்கத் தோன்றுகிறது. நீங்கள் குறிப்பிட்ட வினோத ஒலி இதற்கு நேர்மாறானது: பார்ப்பவர் தானாகச் சிரிக்க வேண்டிய அந்த அரை நொடியை அது பறித்துக்கொள்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்றிரவு பாலையாவை மட்டும் பார்த்தேன். கதை தெரியாத என் இளைய மகளும் அருகில் இருந்தாள். நாகேஷ் வாய் திறப்பதற்கு முன்பே, பாலையாவின் முகத்தைப் பார்த்தே அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.