லெகாட்டோ லிக் 100 பிபிஎம் தாண்டினா கொழகொழன்னு ஆகுது, எங்கே தப்பு?

பெந்தடானிக்பாண்டி

எலெக்ட்ரிக் கிட்டார்ல வேகமான லெகாட்டோ (நோட்டுகளை விட்டுப்போகாம கோத்து வாசிக்கிறது) பழகுறேன். இப்போ மாட்டிக்கிட்டு நிக்கிற லிக் (சின்ன இசைத் துண்டு) இதுதான்; எண்ணெல்லாம் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) எண், 1ஆவது ஸ்ட்ரிங்தான் இருக்கிறதுலயே மெல்லிசு. ஏ மைனர், ஒரு ஸ்ட்ரிங்குக்கு மூணு நோட்டு, ஒரு பீட்டுக்கு ஆறு.

1ஆவது ஸ்ட்ரிங்: 8-7-5
2ஆவது: 8-6-5
3ஆவது: 7-5-4
4ஆவது: 7-5-3

அப்புறம் அதே வழியில 4ஆவதுல 3-5-7னு ஆரம்பிச்சு மேல. இறங்க ரெண்டு பீட், ஏற ரெண்டு பீட், கரெக்டா ஒரு பார். ஒவ்வொரு ஸ்ட்ரிங்லயும் முதல் நோட்டுக்கு மட்டும் பிக், மிச்சம் ஹேமர் ஆன் (இடது கை விரலால கம்பியைத் தட்டி எழுப்புறது), புல் ஆஃப் (அழுத்தின விரலை இழுத்து எடுத்து எழுப்புறது).

80 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 80 பீட்) சுத்தமா வருது. 100 போட்டா 1ஆவது ஸ்ட்ரிங்ல 8-7 ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே நோட்டா கேக்குது. இறங்கும்போது எங்கிருந்தோ ஓப்பன் ஸ்ட்ரிங் ஒண்ணு கூடவே பாடுது. க்ளீன் டோன்ல புல் ஆஃப் நோட்டு காதுலயே விழல. டிஸ்டார்ஷன் போட்டா எல்லாம் கேக்குது, இரைச்சலும் சேர்ந்து. ஸ்ட்ரிங் 10-46 செட் (கம்பித் தடிமன், இன்ச்ல ஆயிரத்துல பங்கு), ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம், அதாவது 12ஆவது ஃப்ரெட்ல ஆக்‌ஷன் 2.5 மி.மீ. விரல் பலத்துக்கு அந்த ஸ்ப்ரிங் வெச்ச கைப்பிடி வாங்கலாமா?

ஆறுகம்பி

கைப்பிடி வாங்காதீங்க பாண்டி. அது அமுக்கிப் பிடிக்கிற பலம். ஹேமர் ஆனுக்கு வேண்டியது விரல் விழுகிற வேகமும், விழுகிற இடமும். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டின மாதிரிப் பின்னால விழுந்தா கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுற விசைகூட வேண்டாம். ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல விழுந்தா எவ்வளவு குத்தினாலும் மங்கலாத்தான் வரும். அடிக்கிறதுக்கு முன்னால விரல் கம்பிக்கு மேல அரை சென்டிமீட்டர்ல நிக்கணும். உங்க சுண்டு விரல் ஆகாயத்தைப் பார்த்து நிமிர்ந்து நிக்குதான்னு ஃபோன்ல வீடியோ எடுத்துப் பாருங்க; முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் நிக்கும்.

8-7 ஒட்டிக்கிறதுக்குக் காரணம் வேறே. அங்கே 8ல சுண்டு விரல், 7ல மோதிர விரல். கையில தனித்தனியா அசையறதுக்கு ரொம்ப அடம்பிடிக்கிற ஜோடி அது. சுண்டு விரல் 8ஐ விட்டு வர்ற நேரத்துக்கு மோதிர விரல் 7ல ஏற்கெனவே அழுத்தி உக்காந்திருக்கணும். மெதுவா வாசிக்கும்போது அது கடைசி நொடியில வந்து சேர்ந்துடும், அதனால 80ல தப்பு தெரியாது. 100ல ஒரு நோட்டுக்குக் கிடைக்கிறது 100 மில்லி செகண்ட் மட்டும். அதுல மோதிர விரல் பிந்திட்டா 7 முழுங்கிப்போகும், நேரா 5 வந்து நிக்கும்.

அதனால இறங்கும்போது ஒரு ஸ்ட்ரிங்குக்கு வந்ததும் மூணு விரலையும் ஒண்ணா வைங்க: 5, 7, 8 மூணும் அழுத்தின நிலையில பிக் பண்ணி, மேலிருந்து ஒவ்வொண்ணா எடுங்க. முழு லிக்கை ஒரு வாரம் மறந்துட்டு 1ஆவது ஸ்ட்ரிங்ல 8-7-8-7 மட்டும் 30 செகண்ட், ஆள்காட்டி 5ஐ விட்டு எழும்பாம. பிறகு 8-7-5-7 சுத்தி சுத்தி. முன்கை இறுகினா உடனே நிறுத்திக் கையை உதறுங்க. வலியோட வாசிச்சா பலம் ஏறாது, தசைநார் வீக்கம்தான் மிச்சம். கட்டை விரல் நெக்கின் பின்னால நசுக்குதான்னும் பாருங்க. அதை எடுத்துட்டும் நோட்டு கேட்கணும்.

புல் ஆஃப்: விரலை நேரா மேல தூக்கினா க்ளீன்ல சத்தம் வராது. தரையைப் பார்த்து லேசா, விரல் நுனி கம்பியைக் கிள்ளி விடுற அளவுக்கு இழுக்கணும். ரொம்ப இழுத்தா ரெண்டு கேடு. கம்பி வளைஞ்சு சுருதி ஏறும். 1ஆவது ஸ்ட்ரிங்கா இருந்தா ஃப்ரெட்போர்டு ஓரத்தை விட்டே வழுக்கும். 2ஆவதுலயோ 3ஆவதுலயோ இழுக்கிற விரல் போய் இடிக்கிறது பக்கத்து மெல்லிய கம்பியில. உங்களுக்குக் கூடவே பாடுற ஓப்பன் ஸ்ட்ரிங் அதுதான், பெரும்பாலும் 1ஆவது.

அதுக்கு ஆள்காட்டி விரலைக் குத்தாம கொஞ்சம் படுக்க வைங்க. நுனி தான் அழுத்துற கம்பிக்கு மேல இருக்கிற தடிமன் கம்பியை உரசி நிக்கணும், விரலின் உள்பக்கச் சதை கீழ இருக்கிற மெல்லிய கம்பிகள் மேல சும்மா படர்ந்திருக்கணும். அதுக்கும் மேல உள்ள தடிமன் கம்பிகளை வலது உள்ளங்கையின் அடிப்பகுதி பார்த்துக்கும். நீங்க ஸ்ட்ரிங் மாறும்போது உள்ளங்கையும் கூடவே நகரணும். ஒரே இடத்துல ஊன்றி வெச்சா வாசிக்கிற கம்பியையே அடைச்சிடும். நட்டுக்கு (நெக்கோட தலைப் பக்கம் கம்பியைத் தாங்குற துண்டு) பக்கத்துல முடி கட்டுற ரப்பர் பேண்டைச் சுத்தி ரெக்கார்டிங்ல சத்தத்தை அடக்குறது உண்டு. தப்பில்ல. பழகும்போது மட்டும் அதைக் கழட்டி வைங்க, இல்லேன்னா கை எங்கே ஒழுகுதுன்னு தெரியாமலே போயிடும்.

சோல்டர்மணி

விரல் பாதி, கிட்டார் பாதி. 2.5 மி.மீ. ஆக்‌ஷன்ல லெகாட்டோ பழகுறது உடம்புக்குத் தண்டனை ப்ரோ. 12ஆவது ஃப்ரெட்ல 1ஆவது ஸ்ட்ரிங் 1.5, 6ஆவது 2 மி.மீ. பக்கம் கொண்டு வாங்க. அதுக்கு முன்னாடி நெக் வளைவைப் பாருங்க: முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற க்ளிப்), கடைசி ஃப்ரெட்ல விரல், 6ஆவது ஸ்ட்ரிங்குக்கும் 7 இல்லேன்னா 8ஆவது ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி 0.2 முதல் 0.25 மி.மீ. இருக்கணும். அளவுகோல் வாங்கத் தேவையில்ல. உங்க 10 செட்ல அறுந்துபோன முதல் கம்பித் துண்டு 0.25 மி.மீ. தடிமன்தான், அதை உள்ள நுழைச்சுப் பாருங்க, லேசா உரசிட்டுப் போகணும். ட்ரஸ் ராடை (நெக் வளைவை மாத்துற உள்கம்பி) ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல திருப்பாதீங்க, திருப்பிட்டு ட்யூன் பண்ணி மறுபடி அளங்க. நெக் சரியான பிறகுதான் சேடில் (ப்ரிட்ஜ்ல கம்பி உக்கார்ற துண்டு) உயரம். தலைகீழா செஞ்சா ரெண்டு வேலை.

10-46ல இருந்து 9-42க்கு மாறினா ஹேமர் ஆன் சுலபமாகும், ஆனா அழுத்திப் பிடிக்கிற ஆளா இருந்தா சுருதி விலகும். அது கை பழகிக்கும். பிக்கப் (கம்பியோட அதிர்வைப் பிடிக்கிற காந்தப் பாகம்) கம்பிக்கு ரொம்பக் கிட்ட இருந்தா காந்தம் கம்பியை இழுத்து நோட்டு சீக்கிரம் செத்துடும், நெக் பிக்கப்ல இது அதிகம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திட்டு 2 மி.மீ.க்குக் குறையாம இடைவெளி விடுங்க. ஃப்ரெட் கரடுமுரடா இருந்தா புல் ஆஃப்ல மணல் உரசுற மாதிரித் தெரியும், பாலிஷ் போட்டாப் போயிடும். கடலோர ஊர்ல இருந்தா வேர்வையும் ஈரக் காத்தும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வெச்சிடும். வாசிச்சு முடிச்சதும் துணியால துடைங்க.

டோன்: கெய்ன் (டிஸ்டார்ஷன் அளவு) ஏத்தினா எல்லா நோட்டும் ஒரே உயரத்துக்கு வரும், கூடவே குப்பையும். கெய்னைக் குறைச்சுட்டு டிரைவுக்கு முன்னாடி கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமமாக்குற பெடல்) போடுங்க, விகிதம் 3க்கு 1 இல்ல 4க்கு 1. ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடல் இருந்தா டிரைவ் குறைவா, லெவல் அதிகமா வெச்சு ஆம்ப்பைத் தள்ளலாம். அது கீழ் சத்தத்தை வெட்டி மிட்டைத் தூக்கும், வேகமா வாசிக்கும்போது நோட்டு பிரிஞ்சு கேக்கும். நாய்ஸ் கேட்டை (மெல்லிசான சத்தத்தை வெட்டுற கருவி) இறுக்கமா வெச்சா மெல்லிசான புல் ஆஃப் நோட்டோட வால் அறுந்துடும். "என் லெகாட்டோ திக்குது"ன்னு புலம்புற பலருக்கு வியாதி அந்த கேட்லதான்.

திஸ்ரநடை

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் 100இல் குழைவதற்கு விரலைவிடக் கணக்குதான் பெரிய காரணம் என்பேன். பிக் அடிக்காத நோட்டுகளின் இடைவெளியை யாரும் எண்ணுவதில்லை. பிக் அடித்ததும் அடுத்த இரண்டையும் அவசரமாகக் கொட்டிவிட்டு, அடுத்த ஸ்ட்ரிங்குக்குக் காத்து நிற்பார்கள். கேட்பதற்கு "டடட்... டடட்..." என்று நொண்டும். வேகம் கூடும்போது காத்திருக்க இடம் இருக்காது, அப்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

வாயால் "தகிட தகிட" சொல்லிக்கொண்டே வாசியுங்கள். ஒரு பீட்டுக்கு இரண்டு தகிட. ஒவ்வொரு "த"வும் பிக், "கி"யும் "ட"வும் இடது கை. சரளமாக வந்ததும் தாளத்தை ஒரு நோட்டு தள்ளி வையுங்கள்: லிக்கை 8இல் தொடங்காமல் 7இல் தொடங்கி, மெட்ரோனோமின் தட்டு புல் ஆஃப் நோட்டின்மேல் விழும்படி. முதலில் தலை சுற்றும். எந்த விரல் ஏமாற்றிக்கொண்டிருந்தது என்பது இதில் சில நிமிடங்களில் வெளிவந்துவிடும்.

அடுத்தது, அதே விரல்களைச் சதுஸ்ரத்தில் போடுங்கள். ஒரு பீட்டுக்கு நான்கு நோட்டு, "தகதிமி". ஸ்ட்ரிங்குக்கு மூன்று நோட்டு இருப்பதால் பிக் விழும் இடம் ஒவ்வொரு பீட்டிலும் நகரும். நான்கு ஸ்ட்ரிங், 12 நோட்டு, 3 பீட்டில் மறுபடி ஒன்றாகச் சேரும். பிக் அழுத்தமாகவும் மற்றவை மெலிவாகவும் இருந்தால் காது தாளத்தைத் தொலைத்துவிடும். பலரும் இதற்காக ஹேமர் ஆனை ஓங்கி அடிக்கப் பார்க்கிறார்கள். எதிர்த்திசையில் போங்கள்: பிக்கை மென்மையாக அடியுங்கள். நுனியைச் சற்றே சாய்த்து, கம்பியைத் தொட்டு விடுவது போதும்.

மெட்ரோனோமை 5, 5 ஆக ஏற்றுவது மட்டும் வழியல்ல. 80இல் பழகிய கை அசைவு 110க்கு உதவாமல் போகலாம். அது வேறு அசைவு. சரளி வரிசையைக் காலம் மாற்றிப் பாடுவதுபோல 100இலேயே வைத்து, ஒரு பீட்டுக்கு மூன்று நோட்டாக இரண்டு பார், உடனே இரட்டித்து ஆறாக ஒரு பார், மறுபடி மூன்று. குழைந்தாலும் அந்த ஒரு பாரோடு நிற்கும். முழு லிக் வராவிட்டால் முதல் ஸ்ட்ரிங்கும் இரண்டாம் ஸ்ட்ரிங்கின் முதல் நோட்டும் மட்டும், அதாவது நான்கு நோட்டு, முழு வேகத்தில்.

சமமாக வருகிறதா என்பதைக் காதை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. க்ளீனில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு நோட்டின் தொடக்கமும் மேடாகத் தெரியும். 100 பிபிஎம்மில் மேடுகள் 0.1 செகண்டுக்கு ஒன்றாக நிற்க வேண்டும்.

பெந்தடானிக்பாண்டி

எல்லாருக்கும் நன்றி. வீடியோ எடுத்துப் பாத்தேன், சுண்டு விரல் ஆகாயத்துலதான் இருக்கு. இன்னொண்ணு: இறங்கும்போது ஸ்ட்ரிங் மாறுற இடத்துல பிக் சிக்குது. அங்கே பிக் இல்லாமலே வாசிக்க முடியுமா?

ஆறுகம்பி

முடியும். ஆனா சிக்குறதுக்கு வேகம் காரணமா இருக்காது. பீட்டுக்கு ஆறு நோட்டுல பிக் விழுறது ரெண்டு தடவைதான். 100 பிபிஎம்ல செகண்டுக்கு நாலுகூட இல்ல. பார்க்க வேண்டியது திசை. இறங்கும்போது எல்லாம் அப் ஸ்ட்ரோக், ஏறும்போது எல்லாம் டவுன் ஸ்ட்ரோக் வைங்க. அப்போ பிக் அடிச்ச கையோட அடுத்த கம்பியை நோக்கித்தான் போகும், தாண்டிக் குதிக்க வேண்டாம். திரும்புற இடத்துல 3ஆவது ஃப்ரெட் ரெண்டு தடவை வருது இல்லையா, அதுல ரெண்டாவதுக்கு டவுன். அடிச்சதும் அடுத்த கம்பி மேல பிக்கை ஓய்வா வெச்சுக்கோங்க, மிச்ச ரெண்டு நோட்டு நேரம் இருக்கு.

பிக்கே வேண்டாம்னா புது ஸ்ட்ரிங்ல முதல் நோட்டையும் இடது கையாலயே தட்டி எழுப்பணும். ஏறும்போது அது ஆள்காட்டி விரல் வேலை, சமாளிக்கலாம். இறங்கும்போது சுண்டு விரல் சும்மா கிடக்கிற கம்பி மேல விழுந்து சத்தம் எழுப்பணும், அதுதான் கஷ்டம். இங்கே நான் முதல்ல சொன்ன மாதிரி மூணு விரலையும் ஒண்ணா வெச்சா சத்தம் மொத்தையாப் போயிடும். சுண்டு விரல் முதல்ல தட்டணும், மத்த ரெண்டும் அது பின்னாலயே இறங்கணும். தட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கம்பி மியூட் ஆகியிருக்கணும், இல்லேன்னா விரலுக்கும் நட்டுக்கும் இடையில இருக்கிற பின் பக்கமும் கிணுங்கும்.

லெகாட்டோவுக்குப் பேர் போன கிட்டாரிஸ்ட் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் வாசிப்புல கேக்குற அந்த வழவழப்புக்கு இது ஒரு பெரிய காரணம். அவருக்குப் புல் ஆஃபோட "மியாவ்" சத்தம் பிடிச்சதில்ல. விரலைக் கிள்ளாம நேரா எடுத்துடுவார். அதுக்கு ஆம்ப்ல நல்ல சஸ்டெய்ன் வேணும், க்ளீன்ல முயற்சி பண்ணி மனசு விட்டுடாதீங்க. நடுவழி ஒண்ணு இருக்கு: கிட்டாரிஸ்ட் பிரெட் கார்செட் மாதிரி ஹைப்ரிட் பிக்கிங். ஸ்ட்ரிங் மாறும்போது பிக்குக்குப் பதிலா வலது கை நடு விரலால கம்பியை மெல்ல எடுக்கிறது. நகம் படாம சதையால எடுத்தா ஹேமர் ஆன் சத்தத்தோட நல்லா ஒட்டும். உங்க லிக்குல 2ஆவது ஸ்ட்ரிங்கின் 8ல மட்டும் முதல்ல போட்டுப் பாருங்க.

சோல்டர்மணி

பிக் தடிமனும் பாருங்க. 0.5 மி.மீ. மாதிரி மெல்லிசு கம்பியில மடங்கி நின்னு லேட்டா விடும். 1 மி.மீ.க்கு மேல, கூர் நுனி. ஆக்‌ஷன் இறக்கின பிறகு 15ஆவது ஃப்ரெட்டுக்கு மேல பெண்ட் பண்ணி நோட்டு அடைச்சுதுன்னா ரொம்ப இறக்கிட்டீங்க, சேடில் ஸ்க்ரூவைக் கால் சுத்து ஏத்திக்கோங்க.