பொருள்: மரீனா படகுத்துறைக்குப் பணம் எங்கிருந்து வரும்? தம்பியின் கேள்விக்குப் பதில்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

தம்பி போன வாரம் போட்ட மடலுக்கு ஆளாளுக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கும் அமெரிக்க நகரத்தின் மரீனாவில், அதாவது சொந்தப் படகுகளை வாடகைக்குக் கட்டி நிறுத்தும் இடத்தில், பழைய மரப் படகுத்துறையைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறார்கள், அதற்காகப் படகு நிறுத்தும் வாடகையை ஏற்றுகிறார்கள், பொதுக்கூட்டத்தில் எழுந்து எதிர்க்கலாமா என்பது அவர் கேள்வி. "எதிர்த்துப் பேசு, மத்திய அரசு மானியம் இருக்கிறதே, அதை வாங்கச் சொல்" என்பதுதான் உங்களில் பலர் சொன்னது. நானும் இங்கே ஒரு நகரத்தின் மரீனா ஆலோசனைக் குழுவில் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். வாடகை ஏற்றத்தை எதிர்க்க வேண்டாம். ஏற்றி வாங்கும் காசு எந்தக் கணக்கில் போய்ச் சேரும் என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள்.

முதலில் மானியம். படகு வசதிகளுக்கான மத்திய மானியத் திட்டம் ஒன்று உண்டு, 1998-இல் வந்த சட்டத்தின் கீழ் நடப்பது, அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் கையில் இருக்கிறது. தூண்டில் சாமான்கள் மீதான கலால் வரி, மோட்டார் படகு எரிபொருள் வரி இவற்றிலிருந்து வரும் பணம் அது, ஆகப் படகுக்காரர்கள் கொடுத்ததுதான் படகுக்காரர்களுக்கே திரும்புகிறது. தகுதியுள்ள செலவில் 75 சதவீதம் வரை தருவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் "தகுதியுள்ள" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 26 அடி அல்லது அதற்கு மேல் நீளமுள்ள பொழுதுபோக்குப் படகுகளில் வந்து, 15 நாளோ அதற்குக் குறைவாகவோ தங்கிப் போகிறவர்களுக்கான வசதிக்கு மட்டுமே அந்தப் பணம். வருடக் குத்தகைக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் உள்ளூர்க்காரரின் துறைக்கு அதில் காசு வராது, இரண்டும் கலந்திருந்தால் செலவைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். தம்பி சொல்லும் இடத்தில் பெரும்பாலும் வருடக் குத்தகைக்காரர்கள்தானே? அப்படியானால் விருந்தாளிப் படகுகள் கட்டும் ஒரு பகுதிக்கு மானியம் கிடைக்கலாம், மீதி முழுக்க உங்கள் தலையில்தான். கிடைத்த பிறகும் அந்தக் கட்டுமானத்தின் பயன்பாட்டுக் காலம் முடியும்வரை அதை அதே வேலைக்கு, பொதுமக்களுக்குத் திறந்து, பழுது பார்த்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பழுதுக்கு மானியத்தில் காசு வரும் என்று எண்ண வேண்டாம், வாடகையில்தான் எடுக்க வேண்டும்.

நன்கொடை திரட்டலாம் என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். பெஞ்சுக்குத் தருவார்கள், விளக்குக் கம்பத்துக்குத் தருவார்கள். தண்ணீருக்குள் இறங்கும் தூணில் யார் பெயரை யார் படிக்கப் போகிறார்கள்?

சரி, அப்புறம் மிஞ்சுவது கடன். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் பொது மரீனாக்களுக்கென்றே மாநிலக் கடன் திட்டம் இருக்கிறது, அதை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நகரம் கடன் பத்திரம் வெளியிடும். அதில் இரண்டு வகை. நகரத்தின் வரி வருமானத்தையே ஈடாக வைப்பது ஒன்று, அதற்குப் பல இடங்களில் வாக்கெடுப்பு வேண்டும், படகே இல்லாதவர்கள் ஏன் தலையாட்ட வேண்டும் என்ற நியாயமான கேள்வியும் வரும். மற்றது மரீனா வருமானத்தை மட்டும் நம்பி வாங்குவது. இதில் பத்திரம் வாங்குகிறவர்கள், வருடத் தவணையைப் போல 1.25 மடங்காவது நிகர வருமானம் இருக்க வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்பார்கள். வாடகை ஏறாமல் அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்? ஏற்றத்தைத் தடுத்தால் கடன் நின்றுவிடும், துறை அப்படியே அழுகிக்கொண்டிருக்கும்.

கடனின் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கூட்டங்களில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். 20 லட்சம் டாலர் கடன், 4 சதவீத வட்டி, 100 படகு இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 வருடத்தில் அடைத்தால் ஒரு இடத்துக்கு மாதம் சுமார் 96 டாலர் விழும், 20 வருடத்தில் என்றால் சுமார் 123. மாதம் 27 டாலர் குறைகிறதே என்று எல்லோரும் 30-க்குக் கை தூக்குவார்கள், ஆனால் மொத்தமாகப் பார்த்தால் வட்டியில் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். அதைவிட மோசம், உப்புத் தண்ணீரில் மரத்தளமும் இரும்புப் போல்ட்டும் 30 வருடம் தாங்குமா என்பதே சந்தேகம், தாங்காவிட்டால் இல்லாத துறைக்கு உங்கள் பிள்ளைகள் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள். கான்கிரீட் மிதவையும் நல்ல தூண்களும் போட்டால் 30 வருடக் கடனுக்கு ஒரு நியாயம் உண்டு. எதைக் கொண்டு கட்டுகிறார்கள் என்று தெரியாமல் எத்தனை வருடக் கடன் என்று தீர்மானிக்க முடியாது.

செலவு மதிப்பீடு ஏன் இவ்வளவு அதிகம் என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய துறையை இருந்தது போலவே திருப்பிப் போட இப்போது முடியாது. தண்ணீரில் மின்சாரம் கசிந்து நீந்துகிறவர்கள் இறந்த பிறகு மின் விதிகள் இறுகிவிட்டன, கசிவைப் பிடித்து இணைப்பைத் துண்டிக்கும் சாதனங்கள் கட்டாயம். மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களும் சாய்வு குறைந்த நடைபாலமும் வேண்டும். தண்ணீரில் தூண் இறக்க, 1899-ஆம் வருடச் சட்டப்படி ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும், மீன்கள் வந்து போகும் மாதங்களில் பல இடங்களில் வேலையே செய்ய விடமாட்டார்கள். இதனால்தான் "வருடத்துக்கு ஒரு வரிசையாக, காசு வரவரப் போடலாம்" என்ற யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. கிரேன் ஏற்றிய பார்ஜை, அதாவது தட்டையான பெரிய மிதவைக் கலத்தை, கொண்டுவந்து நிறுத்தவே ஒரு பெரிய தொகை, ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டு கட்டமாகச் செய்தால் சரி, ஐந்து ஆறு என்று இழுத்தால் சேமித்ததெல்லாம் பார்ஜுக்கே போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பல நகரங்களில் மரீனாவுக்குத் தனி நிதிக்கணக்கு உண்டு, அதன் வரவில் அதன் செலவு என்று. நான் இருக்கும் நகரத்தில் பல வருடங்களாக அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தது, ஒவ்வொரு பட்ஜெட்டிலும் "நிர்வாகச் செலவுப் பங்கு" என்று ஒரு தலைப்புப் போட்டு அதை நகரத்தின் பொது நிதிக்கு உருவி எடுத்தார்கள், துறை ஆட ஆரம்பித்தபோது கணக்கில் ஒன்றும் இல்லை. சட்டப்படி தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை, அது வேறு.

ஆகவே தம்பி, கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம் இருக்கும். வாடகை ஏற்றத்தை ஒப்புக்கொள்கிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், அதற்கப்புறம்தான் காது கொடுப்பார்கள். ஏற்றத்தில் ஒரு பங்கு அடுத்த துறைக்கான ஒதுக்கு நிதியாகத் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், நகர மன்றத்தின் தனித் தீர்மானம் இல்லாமல் அதைப் பொது நிதிக்கு மாற்றக்கூடாது, இதை வாடகை ஏற்றத் தீர்மானத்தின் வாசகத்திலேயே எழுதுங்கள் என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக வரும் உறுதி அடுத்த தேர்தலோடு போய்விடும்.

அதற்கு முன் நகரத்தின் கடந்த சில வருட ஆண்டு நிதி அறிக்கைகளை இணையத்தில் எடுத்து, மரீனா நிதியிலிருந்து வெளியே போன மாற்றல்கள் என்ற வரியைப் பாருங்கள். கிடைத்தால் அந்தப் பக்கங்களை இங்கேயே போடுங்கள், நம் குழுவில் கணக்கு படித்தவர்களுக்குப் பஞ்சமா, சனி ஞாயிறில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.