மட்டக்களப்புக்கென்று ஒரு பேச்சு வானொலி: முதலில் எதை வைப்பது?

கல்லடியிலிருந்து ஒரு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என்னுடன் படிக்கும் தோழிகளும் சேர்ந்து இணையவழியில் ஒரு வானொலி தொடங்கப்போகிறோம். பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். பாட்டுக்குக் கொழும்பு அலைவரிசைகளே போதும். மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் பேசுவதற்கும் கேட்பதற்குமான வானொலியாக அது இருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம்தான் எங்களால் முடியும்.

இலங்கை வானொலிக் காலத்தில் இந்தப் பகுதி வீடுகளில் எந்தப் பேச்சு நிகழ்ச்சிகளை விரும்பிக் கேட்டார்கள்? எங்கள் ஊர்க் குரல் எப்போதாவது வானலையில் போயிருக்கிறதா? இன்று தொடங்கினால் எதை முதலில் வைக்க வேண்டும்? மூத்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

செங்கலடித் தம்பி:

தொலைபேசி அழைப்புத்தான் அக்கா. 1998 இல் சூரியன், சக்தி என்ற தனியார் வானொலிகள் வந்தபோது என் அண்ணன்மார் பாட்டுக்காக மட்டும் அவற்றைக் கேட்கவில்லை. தங்கள் பெயரும் ஊரும் வானொலியில் வருமென்று எண்ணை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அரசியல் விவாதம் வையுங்கள், கூட்டம் தானாக வரும்.

கல்முனை வானொலி திருத்துநர்:

மகள், உங்கள் முயற்சியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. கல்முனையில் நெடுங்காலம் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். வால்வ் பெட்டியிலிருந்து கைக்கடக்கமான சீனப் பெட்டி வரை என் மேசைக்கு வந்திருக்கின்றன. வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையின் பெட்டியைத் திறந்தால் உப்புக் காற்றில் பற்றரிச் சுருள் பச்சை பூத்திருக்கும். வாவிக்கு மேற்கே வயல்புறமான படுவான்கரையின் பெட்டிக்குள் உமித் தூசியும் பல்லி முட்டையும் இருக்கும். இரண்டிலும் முகப்புக் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு இலங்கை வானொலி.

கொழும்பில் வானொலி 1925 இல் தொடங்கியது. 1949 இல் ரேடியோ சிலோன் ஆனது, 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அந்தக் காலம் முழுவதும் பேச்சு கொழும்பிலிருந்து எங்களுக்கு வந்தது. எங்களிடமிருந்து அங்கே போனது தபாலட்டை. இசையும் கதையும் நிகழ்ச்சிக்குக் கதை எழுதி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் பெட்டியருகே காத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். எழுதியது அவர்கள், வாசித்தது வேறொரு குரல். ஆனாலும் அதில் அவர்களுக்கு எத்தனை பெருமை!

ஊர்க்குரல் போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். 1960களில் யேசு சபைத் துறவி லாங் அடிகளாரின் துணையோடு மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஒலியைப் பதிவு செய்து இலங்கை வானொலியில் ஒலிபரப்பினார்கள். பின்னாளில் அம்பாறை மாவட்டத்தில் பிறை எப்.எம். வந்தது. அதுவும் கூட்டுத்தாபனத்தின் பிராந்தியச் சேவைதான். ஆனால் பழக்கமான ஊர்ப்பெயர்கள் அதில் அன்றாடம் ஒலித்தன. அந்த வேறுபாட்டை நாங்கள் உடனே உணர்ந்தோம்.

எந்தப் பேச்சை விரும்பிக் கேட்டார்கள் என்றால், நான் மரண அறிவித்தலைத்தான் சொல்வேன். செய்தி ஓடும்போது வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். மரண அறிவித்தல் தொடங்கினால் அடுப்படியில் அகப்பைச் சத்தமும் நின்றுவிடும். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று உறவுகள் வரிசையாக வரும். பிறகு வீடு எங்கே, இறுதிக் கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம். திருகோணமலையில் மணமுடித்துப் போன மகளுக்கும் மலையகத்தில் படிப்பிக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் சேதி போய்விடும். அவர்கள் அன்றிரவே பஸ் ஏறுவார்கள். கேட்டவுடன் ஒருவரை எழுந்து புறப்பட வைத்த அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடான பேச்சு நிகழ்ச்சியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் என் மேசையிலேயே கண்டேன். யுத்த காலத்தில் படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுபோவது கட்டுப்பாடாக இருந்தது. ஓய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, மீண்டும் போட்டு, மாலைச் செய்திக்கும் இரவு ஒன்பதே காலுக்கு வரும் பி.பி.சி. தமிழோசைக்கும் மட்டும் பெட்டியைத் திறப்பார்கள். (1941 இல் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்பு 2017 இல் சிற்றலையில் நின்றுபோனது.) பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டி வந்தபோது அந்த மக்கள் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சை வைத்துக்கொண்டார்கள். பேச்சை யார் கேட்பார்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

செங்கலடித் தம்பி சொல்கிற அரசியல் விவாதத்தை நான் முதல் வருடத்தில் வைக்கமாட்டேன். அது கொழும்பிலும் கிடைக்கிறது, கைபேசியிலும் கிடைக்கிறது. இந்தக் கரைக்கு மட்டும் தேவையான பேச்சு எது என்று தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் இரண்டு மணித்தியாலம் போதாமல் போகும்.

மருதமுனை ராத்தா:

திருத்துநர் காக்கா சொல்வது முழுக்கச் சரி. ஓர் உதாரணம் தருகிறேன். நோன்பு மாதத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் சமைப்போம். ஆனால் கொழும்பு நேரத்தைப் பார்த்து நோன்பு திறந்தால் எங்களுக்கு நேரம் கடந்துவிடும். நோன்பு பிடிக்குமுன் உண்ணும் சஹரில் அதே நேரத்தைப் பின்பற்றினால் நோன்பே பழுதாகிவிடும், ஏனென்றால் எங்களுக்கு சுபஹ் (வைகறைத் தொழுகை நேரம்) முந்தியே வந்துவிடுகிறது. அதனால் உம்மா சுவரில் ஊர் நேர அட்டவணையை ஒட்டிவைத்து, வானொலியைப் பயானுக்கு (மார்க்கச் சொற்பொழிவுக்கு) மட்டும் கேட்பார். மருதமுனை நேரத்தைச் சொல்லும் ஒரு வானொலி வந்தால் எங்கள் பெண்கள் அதை ஒருநாளும் அணைக்கமாட்டார்கள். கைத்தறிக் கூடத்தில் இருக்கும் பெண்களையும் பேசக் கூப்பிடுங்கள், தங்கச்சி. நூல் விலையைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வவுணதீவுக் கமக்காரன்:

எங்களுக்குத் தண்ணீர்ச் செய்தி வேண்டும். மாரியில் உன்னிச்சைக் குளத்து வான்கதவை எத்தனை அடி திறக்கிறார்கள் என்பது எங்களுக்கு வாழ்வும் சாவும். அதை அயல்வீட்டுப் பையனின் கைபேசியில் வரும் வதந்தியாகத்தான் கேட்கிறோம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டும் விடயமும் அப்படியே. வயலில் தண்ணீர் நிற்கிறது, வெட்டுங்கள் என்று நாங்கள் கேட்போம். வாவியில் மீனும் இறாலும் போய்விடும் என்று மீன்பிடிக்கும் ஆட்கள் தடுப்பார்கள். இரண்டு பக்கமும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தனித்தனியே மனுக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டதேயில்லை. அதை ஒரு மணித்தியாலம் பேச விடுங்கள்.

ஒரு குறை: இங்கே பல இடங்களில் இணையம் இழுத்து இழுத்துத்தான் வருகிறது. டேட்டாவும் விலை.

கல்லடியிலிருந்து ஒரு மாணவி:

இவற்றில் பாதி எங்கள் பட்டியலிலேயே இல்லை! மிக்க நன்றி. மூன்று சந்தேகங்கள். எப்.எம். அனுமதிக்கு முயல்வதா? நேரலை அழைப்பை எப்படிச் சமாளிப்பது? வவுணதீவு ஐயா சொன்ன டேட்டாப் பிரச்சினைக்கு வழி உண்டா?

கல்முனை வானொலி திருத்துநர்:

ராத்தா சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. கொழும்பிலிருந்து நாங்கள் ஏறத்தாழ இரண்டு பாகை கிழக்கே இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம். அதனால் சூரியன் எங்களிடம் 7, 8 நிமிடம் முந்துகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இணைய ஒலிபரப்பு கேட்பவரிடம் போய்ச் சேர அரை நிமிடம் வரையிலும் பிந்தலாம். நோன்பு திறக்கும் நேரத்தை நேரலைச் சத்தத்தால் அறிவிக்காமல், இன்றைய நேரம் இத்தனை மணி இத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே வாசித்துவிடுங்கள்.

டேட்டாவுக்கு வழி உண்டு. பாட்டுக்கு விநாடிக்கு 128 கிலோபிட் கேட்கும், பேச்சுக்கு 32 தாராளம். 32 இல் ஒரு மணித்தியாலம் கேட்டால் 15 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். தண்ணீர்ச் செய்தியை மட்டும் இரண்டு நிமிடப் பதிவாக வெட்டி வாட்ஸ்அப்பிலும் விடுங்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் ஒரு வட்டவிதானையின் கைபேசிக்குப் போனால் போதும், அந்த வட்டை (வயல்வெளி) முழுவதும் கேட்டுவிடும். ஆனால் வான்கதவுச் செய்தியை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உறுதிப்படுத்தாமல் ஒருபோதும் வாசிக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எப்.எம். அனுமதி இப்போது வேண்டாம். தனியார் நிலையத்துக்கான அனுமதி 1966 ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வழங்குவது. அது நீண்ட பாதை. வானலை பொதுச்சொத்து என்று உயர் நீதிமன்றம் 1997 இலேயே சொல்லிவிட்டது. அந்த உரிமையைக் கேட்கும் நாள் வரும்போது உங்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிகள் இருக்க வேண்டும்.

நேரலை அழைப்பைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். கொத்மலை சமூக வானொலியைப் பாருங்கள். 1989 இல் தொடங்கியது, அதுவும் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான். அவர்கள் ஊருக்குள் போய் ஊராரைப் பேச வைத்தார்கள். 1990களின் இறுதியில் அங்கே இணையம் வந்தபோது, நேயர் அனுப்பிய கேள்விக்கு இணையத்தில் விடை தேடி, நிகழ்ச்சியிலேயே தங்கள் மொழியில் விளக்கினார்கள். எத்தனை அருமையான யோசனை! நீங்களும் கேள்வியைக் குரல் பதிவாக வாங்குங்கள். ஆளை நேரில் கண்டு பதிவு செய்தால் இன்னும் நல்லது. அழைப்புத் தொடங்கும்போது இரண்டு விதிகள்: அழைப்பவரின் வீட்டுப் பெட்டியைக் குறைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் சுழன்று கிரீச்சிடும். ஒலிபரப்பைச் சில விநாடி பிந்த வைத்து, ஒருவர் வெட்டும் பொத்தானிலேயே கைவைத்திருக்க வேண்டும்.

என் வரிசை இதுதான். முதலில் மரண அறிவித்தல், கட்டணமில்லாமல், இரண்டு மாவட்டத்துக்கும். இந்து, கிறிஸ்தவ வீட்டுச் செய்தியும் ஜனாஸா அறிவித்தலும் ஒரே வாசிப்பில் அடுத்தடுத்து வரட்டும். இரண்டாவது தண்ணீர். மூன்றாவது வாரத்துக்கு ஒரு நாள் நீண்ட பேச்சு: முகத்துவாரம், நூல் விலை, நெல் விலை, எதுவானாலும் இரண்டு கரையாரும் இருக்க வேண்டும். வாகரையிலிருந்து பொத்துவில் வரை அவரவர் பேசுகிற மாதிரியே பேசட்டும், திருத்தாதீர்கள். அறிவிப்பாளர் கூடுதலாகப் பேசினால் நிகழ்ச்சி கெட்டுவிடும்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுச் சரித்துப் பிடியுங்கள். அறை எதிரொலித்தால் சுவரில் சேலையோ பாயோ தொங்கவிடலாம். இந்தச் சனிக்கிழமை நான் மட்டக்களப்புக்கு வருகிறேன். இடத்தைச் சொன்னால் கம்பி இணைப்புகளைப் பார்த்துத் தந்துவிட்டுப் போவேன்.

வவுணதீவுக் கமக்காரன்:

ஐயா, முதல் வாரப் பேச்சுக்கு எங்கள் கமக்காரர் அமைப்பிலிருந்து இருவரை அனுப்புகிறேன். மாணவித் தங்கச்சி, மீன்பிடிச் சங்கத்தோடு நீங்கள் பேசிவிடுங்கள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் வைத்தால் எல்லாருக்கும் வசதி.