மஸில் காருக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

கருவூலன்:
அனைவருக்கும் வணக்கம். 1964 போன்டியாக் ஜிடிஓ என்ற அமெரிக்கக் கார் பிறந்த கதை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. வரைவில் "தசைச் சீருந்து" என்றிருக்கிறது. கறிக்கடை வண்டி போல் ஒலிக்கிறது. மாற்று சொல்லுங்கள்.

மெய்யொலி:
அன்பரே, 'மைந்து' இருக்கத் தசை எதற்கு? போரைப் பாடும் தும்பைத் திணைக்கு இலக்கணம் சொல்லும்போதே தொல்காப்பியர் "மைந்து பொருளாக" என்கிறார். மைந்து வலிமை, மைந்தன் அதிலிருந்து வந்தவன்.  ஆகவே மைந்தோடு வண்டியைக் குறிக்கும் 'உந்து' சேர்த்து 'மைந்துந்து'.

பல்சக்கரம்:
ஐயா, மைந்துந்தை மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்!

வேர் இருக்கட்டும், பொருளைப் பார்ப்போம். வலுவான கார் எல்லாம் மஸில் கார் ஆகாது. நடுத்தர உடல், பெரிய காரின் எஞ்சின், இளவட்டம் வாங்கக்கூடிய விலை, மூன்றும் சேர வேண்டும். போன்டியாக்கின் நடுத்தரக் காரான டெம்பஸ்டின் 326 கன அங்குல வி8 எஞ்சினுக்கும் பெரிய போன்டியாக்கின் 389-க்கும் வெளி அளவு ஒன்றே. வீச்சு, அதாவது பிஸ்டன் நகரும் தூரம், இரண்டிலும் 3.75 அங்குலம், உருளை விட்டம்தான் 3.72, 4.06 என்று மாறும். அதனால் 389 அதே மவுண்டில் அப்படியே உட்காரும். போன்டியாக் பொறியாளர் பில் காலின்ஸ் இதைச் சொன்னதும் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய விதி. தனி மாடலாகப் போட்டால் மேலிடத்தில் மாட்டும். டெம்பஸ்டின் உயர்வகையான லெமான்ஸில் கேட்டால் கிடைக்கும் கூடுதல் தொகுப்பாக, சுமார் 295 டாலருக்கு ஜிடிஓவை நுழைத்தார்கள். ஐயாயிரம் போகும் என்று கணக்குப் போட்டார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 போனது.

என் பரிந்துரை 'முறுக்குந்து'. டார்க்குக்கு 'முறுக்குவிசை' என்ற சொல் பாடநூலிலேயே உண்டு. 389-இல் அது 428 பவுண்டு-அடி. வாலிப முறுக்கும் சேர்ந்து வருகிறது.

மெய்யொலி:
தீபாவளிப் பலகார வண்டி என்பார்கள். முறுக்குவிசைதான் அளவுகோல் என்றால் டீசல் லாரியும் முறுக்குந்துதானே?

பல்சக்கரம்:
லாரி வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிப்பவருக்குப் புரிவது இதுதான்.

கருவூலன், வரைவில் இரண்டு பிழை. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என்றிருக்கிறது; 1964-இல் நான்கிலும் டிரம்தான். வேகத்தில் நாலு தடவை அழுத்தினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அடுத்தது, 348 குதிரைத்திறன் தரும் டிரை-பவர் அமைப்பில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் மூன்று கார்புரேட்டரும் எப்போதும் வேலை செய்வதாக எழுதியிருக்கிறார்கள். சாதாரண ஓட்டத்தில் நடுவிலுள்ளது மட்டுமே. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால்தான் ஓரத்து இரண்டும் திறக்கும். அவற்றின் தகடு முழுக்க மூடாவிட்டால் ஐட்லிங் நிலைக்காது.

கருவூலன்:
இரண்டையும் திருத்திவிட்டேன், நன்றி. முதலில் வருமிடத்தில் 'மஸில் கார் என்னும் முறுக்குந்து', பிறகு முறுக்குந்து மட்டும். பெரும்பான்மை இதற்குத்தான், அதுவும் அரைமனதாக.

மெய்யொலி:
என் மாறுபாட்டைப் பதிவு செய்யவும். அது கிடக்கட்டும், கார்புரேட்டருக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?